எனாமல் அரிப்புக்கு எந்த பேஸ்ட்? வெள்ளீயமா, கண்ணாடியா, பால் புரதமா?

சொத்தை வேறு, அமில அரிப்பு வேறு. சொத்தையில் வாயிலிருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் சுரக்கின்றன. அரிப்பில் கிருமிக்கு வேலையே இல்லை. எலுமிச்சைச் சாறோ, கோலாவோ, எதுக்களித்து வரும் வயிற்று அமிலமோ நேரடியாகப் பல்லைக் கரைக்கிறது. அமிலத்தன்மையைச் சொல்லும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே போனால், பல்லின் கெட்டியான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். கோலாவின் பிஎச் 2.5 அளவுதான். எனாமலை உண்டாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால் போனது திரும்ப வளராது.

பல்லின் மேல் தாதுவைப் படியவைக்கும் ‘பயோ ஆக்டிவ்’ பேஸ்ட்களில் பிரபலமானது நோவாமின். 1969-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் லாரி ஹென்ச், எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்று கண்டுபிடித்த கண்ணாடியின் தூள் அது. எச்சிலில் பட்டதும் கால்சியமும் பாஸ்பேட்டும் வெளியாகி, எனாமலை ஒத்த தாது பல்லின் மேல் படிகிறது. எனாமல் தேய்ந்து வெளியே தெரியும் உள்ளடுக்கான டென்டினின் நுண்துளைகளை அது அடைப்பதால் பல் கூச்சம் குறையும். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் படிவதும் அமிலத்தில் கரையும் தாதுதானே? அடுத்த கோலாவில் அதுவும் கரையும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான பயோமின் எஃப் கண்ணாடிக்குள்ளேயே ஃபுளோரைடை வைத்திருக்கிறது. அதனால் உருவாகும் ஃபுளோர்அபடைட் என்ற தாது பிஎச் 4.5 வரை தாங்கும். முன்னேற்றம்தான், ஆனால் 2.5-க்கு அதுவும் போதாது.

எனாமலில் உள்ள தாதுவை ஒத்த நுண்துகள்களான நானோ ஹைட்ராக்ஸி அபடைட்டுக்கு ஜப்பானில் 1993-லேயே சொத்தைத் தடுப்புக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஃபுளோரைடு வேண்டாம் என்பவர்களுக்கு நல்ல மாற்று. அரிப்பைப் பொறுத்தவரை நோவாமினுக்குச் சொன்னதேதான் இதற்கும்.

சரி, இந்த அரிப்புக்கு என் ஓட்டு எதற்கு? பயோ ஆக்டிவ் என்ற பெயரே இல்லாத ஸ்டானஸ் ஃபுளோரைடுக்கு. அதிலிருக்கும் வெள்ளீயம் பல்லின் மேல் அமிலத்தில் எளிதில் கரையாத ஒரு படலமாக ஒட்டிக்கொள்கிறது. புளிக்குழம்பு வைக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோமே, ஏறக்குறைய அதே வேலை. சாதாரண சோடியம் ஃபுளோரைடு இந்த அளவுக்குத் தடுப்பதில்லை. குறைகளும் உண்டு: வாயில் லேசாக உலோகச் சுவை, சிலருக்குப் பல்லில் பழுப்புக் கறை படியும், அதைப் பல் மருத்துவர் சுத்தம் செய்துவிடலாம்.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் எரிக் ரெனால்ட்ஸ் குழு பால் புரதத்திலிருந்து உருவாக்கிய சிபிபி-ஏசிபி கிரீம் பேஸ்டுக்கு மாற்று அல்ல, துணை. வாய் உலர்ந்து எச்சில் குறைவாக ஊறுபவர்கள் இரவில் பல் துலக்கியபின் பூசிப் பார்க்கலாம். அரிப்பைத் தடுப்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல இல்லை. பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது.

வாங்கும்போது பெயரை நம்பாமல் மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். சென்சோடைன் ரிப்பேர் அண்ட் புரொடெக்ட் என்ற ஒரே பெயரில் அமெரிக்காவில் ஸ்டானஸ் ஃபுளோரைடும் பிரிட்டனில் நோவாமினும் வந்திருக்கின்றன. ‘கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட்’ என்று இருந்தால் அது நோவாமின். அப்புறம், எதை வாங்கினாலும் புளிப்பான ஜூஸ் குடித்த கையோடு துலக்க வேண்டாம். அமிலத்தில் மெத்தென்று ஆன எனாமலை பிரஷ் தேய்த்தே எடுத்துவிடும்.