அண்ணனின் பிளாக்கும் ஆறு வாரச் சென்னையும்

கனடாவிலிருந்து ஆறு வார விடுப்பில் நான் இம்முறை ஊருக்குப் போனது அண்ணனுக்காக. கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைக்கட்டிக்கு அறுவை சிகிச்சை, முப்பது நாள் கதிர்வீச்சு, டெமோசோலமைட் என்ற கீமோ கேப்ஸ்யூல் எல்லாம் முடிந்த பிறகும், புதிதாக எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி மீண்டும் தலைகாட்டியிருந்தது. குறிவைத்துத் தாக்கும் மருந்துகளைப் பற்றிச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகளோடு புற்றுநோய் மருத்துவரைப் பார்த்தோம். அவற்றில் பெரும்பாலானவை, 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வோராசிடெனிப் பற்றியவை. அது ஐ.டி.எச். மரபணு மாற்றம் உள்ள, மெதுவாக வளரும் கிரேடு 2 மூளைக்கட்டிகளுக்கானது; அண்ணனின் பயாப்சி ரிப்போர்ட்டிலேயே அந்த மாற்றம் இல்லை என்று இருந்தது. "மருந்து இருக்கிறது, குறி இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்" என்று அவர் மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பி.ராஃப் வி600இ என்ற மரபணு மாற்றம் இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெடினிப் என்ற மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் பெரியவர்களின் கிளியோபிளாஸ்டோமாவில் அது அரிது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அந்தப் பரிசோதனைக்கு, முதலில் அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையிலிருந்து திசு பிளாக்கை, அதாவது மெழுகில் பதித்து வைத்திருந்த கட்டித் துண்டை, வாங்கி வர வேண்டியிருந்தது. முதல் நாள், நோயாளியே நேரில் வர வேண்டும் என்றார்கள். இரண்டாம் நாள், அண்ணனின் கையெழுத்திட்ட கடிதத்தோடு போனபோது ஆதார் நகல் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் பதிவேட்டில் எண்ணைத் தேடி எடுத்துத் தந்த ஊழியர் நல்ல மனிதர். இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கவுண்டரில் ஒட்டியிருந்தால் அவருக்கும் வேலை மிச்சமாகியிருக்கும். தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, நடுவில் மிளகளவு பழுப்புத் துணுக்கு. வெயிலில் மெழுகு உருகிவிடுமோ என்று பயந்து, ஆட்டோவில் அண்ணி அதைக் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே வந்தார்.

பதினெட்டு நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் பி.ராஃப் மாற்றமும் இல்லை, மருந்துக்குப் பிடி கொடுக்கும் வேறு மாற்றமும் இல்லை. எஞ்சியது பெவாசிசுமாப் என்ற மருந்து. கட்டி புது ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்ள அனுப்பும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை இது மடக்கிப் பிடிப்பதால், கட்டியைச் சுற்றியுள்ள வீக்கம் வடிகிறது. வீக்கம் குறையும், ஆளும் தெளிவாக இருப்பார், ஆனால் ஆயுள் கூடும் என்று பெரிய ஆய்வுகள் காட்டவில்லை என்பதை மருத்துவர் அண்ணியிடமே நேராகச் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் இருந்துவிட முடிவு செய்தோம். இந்திய நிறுவனங்களே இதன் பயோசிமிலரை, அதாவது மூல மருந்தை ஒத்த மருந்தை, தயாரிப்பதால், விலையும் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை.

டே கேர் வார்டைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மருந்தை ஏற்றுவதற்கு முன் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்த்தார்கள். ஒரு நாள் அழுத்தம் ஏறியிருந்ததால், அது இறங்கும் வரை நர்ஸ் பாட்டிலையே எடுத்து வரவில்லை. இரண்டாவது டோஸுக்குப் பிறகு, மூளை வீக்கத்துக்காகக் கொடுத்துவந்த டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு பாதியாகக் குறைக்கப்பட்டது, உப்பியிருந்த முகமும் வடியத் தொடங்கியது. நான் கிளம்பிய அன்று அண்ணன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு, ஒன்றை மாற்றிப் போட்டிருப்பதாக அண்ணி சொன்னதும், அவிழ்த்து மறுபடியும் போட்டார்.