பின்கட்டு டிவி வரைக்கும் வைஃபை கொண்டு போனது: டெகோ எம்4, ஒரு வருச அனுபவம்

2023 ஐபிஎல் ஃபைனல் ஞாபகம் இருக்குல்ல, மழையால மறுநாளுக்கு தள்ளிப்போயி ராத்திரி ஒரு மணி தாண்டி முடிஞ்சுச்சே, கடைசி ரெண்டு பால்ல பத்து ரன் வேணும், ஜடேஜா ஒரு சிக்ஸ் ஒரு ஃபோர் அடிச்சாரு. அந்த ரெண்டு பாலையும் எங்க அப்பா பாக்கல. டிவில வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு, தெருவுல வெடிச் சத்தம் கேட்டுத்தான் சென்னை ஜெயிச்சதே அவருக்குத் தெரிஞ்சுச்சு. முட்டி ஆபரேஷன் முடிச்சு பின்கட்டு ரூமோட இருக்குற மனுசன், அவருக்குத் துணையே அந்த 32 இன்ச் டிவிதான். அன்னிக்கு எனக்கு மனசே ஆறல.

எங்க வீடு மதுரைல பழைய நீள வீடு. முன் ரூம், நடு ஹால், அடுப்படி, அப்புறம் பின்கட்டு. ஃபைபர் கனெக்‌ஷன் குடுக்க வந்த பையன் வாசல் ஜன்னல் பக்கத்துலயே ஓட்டை போட்டு மோடத்த மாட்டிட்டுப் போயிட்டாப்ல. அங்கருந்து அப்பா ரூமுக்கு மூணு செங்கல் சுவர், அதுல ஒண்ணு ஒன்னரை அடிக்கு கிட்ட இருக்கும், நடுவுல கண்ணாடி வச்ச ரெண்டு இரும்பு பீரோ வேற. மோடம் பக்கத்துல ஃபோன்ல ஸ்பீட் டெஸ்ட் பண்ணா 94 எம்பிபிஎஸ், அப்பா கட்டில்ல உக்காந்து பண்ணா 6, சில நேரம் வெறும் 2தான். வைஃபைல 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசை இருக்கு. இதுல 5 சிக்னல் நடு ஹால தாண்டவே தாண்டாது. அது வேகமா போகும் ஆனா சுவர்ல சீக்கிரம் செத்துடும், 2.4 மெதுவா போனாலும் சுவர் தாண்டும், ஆனா பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதே மூணு சேனல்லதான் (1, 6, 11) நெருக்கி அடிச்சுக்கிட்டு இருக்கும்.

கஸ்டமர் கேர்ல கேட்டா 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுங்க சார்னாங்க. மாறுனேன், ஒரு மாசம் காசு கட்டுனேன், பின்கட்டுல அதே 6தான். வாசல்ல எவ்வளவு தண்ணி வந்தா என்ன, உள்ள போற குழாய்ல அடைப்பு இருக்கே. இதுல ஒரு விசயத்த நல்லா புரிஞ்சுக்கங்க, டிவிக்கு பெரிய ஸ்பீடே தேவையில்ல. நெட்ஃபிளிக்ஸே 1080பி-க்கு 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15 போதும்னுதான் சொல்லுது. ஆனா அந்த அஞ்சு விடாம வரணும். சினிமா பாக்கும்போது ஆப் கொஞ்சம் முன்கூட்டியே இறக்கி வச்சுக்கும், நடுவுல சிக்னல் தொங்குனா கூட ஓட்டிடும். லைவ் மேட்ச்ல அடுத்த ஓவர் இன்னும் போடவே இல்லியே, எதை இறக்கி வைக்கும்? சில செகண்ட் சரக்குதான் கையில இருக்கும், அது தீர்ந்ததும் வட்டம்தான். அதனாலதான் சீரியல் ஓடுது மேட்ச் மட்டும் நிக்குதுன்னு அப்பா சொன்னாரு, நான் முதல்ல அதை நம்பாம டிவி மேலதான் பழி போட்டேன்.

அடுத்து ஒரு சின்ன ரிப்பீட்டர் வாங்குனேன், வர்ற சிக்னல வாங்கி திருப்பி அனுப்புற பாக்ஸ், பிளக்ல சொருகுறது, 2.4 மட்டும் உள்ளது. அதை அப்பா டிவி பக்கத்துலயே சொருகுனேன், நெறைய பேரு பண்ற தப்பு இது. அங்க வர்றதே அரைகுறை சிக்னல், அதைத்தான அது திருப்பிச் சொல்லும். நடு ஹாலுக்கு மாத்துனதும் 14 வரைக்கும் வந்துச்சு, ஆனா அந்த மாதிரி ரிப்பீட்டர் ஒரே ரேடியோவ வச்சுத்தான் மோடத்துக்கிட்டயும் பேசும் டிவிகிட்டயும் பேசும், ஒரு பக்கம் பேசும்போது இன்னொரு பக்கம் காத்திருக்கணும், அதனால வேகம் பாதியா போயிடும். ஃபோன்ல கோடு எல்லாம் ஃபுல்லா காட்டும், மேட்ச் நிக்கும்.

அப்புறம்தான் டிபி-லிங்க் கம்பெனியோட டெகோ எம்4, ரெண்டு பாக்ஸ் செட் வாங்குனேன், ரெண்டையும் வீட்ல வேற வேற இடத்துல வச்சா வீடு முழுக்க ஒரே வைஃபையா ஓடும். வெள்ளை உருளை, தண்ணி சொம்பு உயரம் இருக்கும், ஆன்டெனா எதுவும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்காது. வைஃபை 5 ரகம், 2.4-ல 300, 5-ல 867 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கும், அது பேப்பர் கணக்கு. எனக்குப் பிடிச்சது ஒவ்வொரு பாக்ஸ் பின்னாடியும் நெட் வயர் சொருகுற ரெண்டு கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் இருக்கறது. விலை கம்மியா இருக்கேன்னு டெகோ இ4 மாடல் வாங்கப் போறவங்க கவனிங்க, அதுல போர்ட் 100 எம்பிபிஎஸ்தான்.

செட்டப் ஃபோன் ஆப்லதான், அக்கவுன்ட் ஒண்ணு போடணும், அரை மணி நேரம் கூட ஆகல. மூணு விசயம் மட்டும் மறக்காதீங்க. பழைய வைஃபை பேரையும் பாஸ்வேர்டையுமே இதுக்கும் வைங்க, டிவி, ஃபோன் எல்லாம் தானா ஒட்டிக்கும். மோடத்தோட வைஃபைய ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா டிவி தூரத்துல இருக்கற மோடத்தையே புடிச்சு தொங்கும். மோடமே ரவுட்டர் வேலையும் பாத்துச்சுன்னா டெகோவ ஆக்சஸ் பாயின்ட் மோட்ல (வைஃபைய மட்டும் பரப்புற வேலை) போடுங்க, ஒரு வீட்டுக்கு ரெண்டு ரவுட்டர் வேணாம்.

வயர் இல்லாம ரெண்டு பாக்ஸையும் ஓட்டுனப்போ பின்கட்டுல 38, 40-னு வந்துச்சு, ஆனா இடம் புடிக்கத்தான் ரெண்டு நாள் ஆச்சு. ரெண்டாவது பாக்ஸ முதல்ல பீரோ மேல வச்சேன், லைட்டு செவப்பா மினுக்குச்சு, இரும்பும் கண்ணாடியும் சிக்னல அப்படியே அடைச்சிடுது. ஒன்னரை அடி தள்ளி அடுப்படி நிலைக்கு நேரா ஒரு ஸ்டூல் போட்டு வச்சேன், பச்சை வந்துச்சு. கதவு தொறந்திருந்தா நல்லா வரும், அம்மா கதவ சாத்துனா எறங்கிடும். மேட்ச் ஓடுற நேரத்துல அடுப்படி கதவ சாத்தாதம்மான்னு அம்மாகிட்ட எத்தனை நாளைக்கு சொல்றது.

கடைசியா ரெண்டு பாக்ஸுக்கும் நடுவுல நெட் வயர் இழுத்தேன், என்னைக் கேட்டா இதைத்தான் முதல்லயே பண்ணிருக்கணும். எலக்ட்ரீசியன் அண்ணே கரன்ட் வயர் போற பைப்லயே விட்டுடலாம்னாரு, நான் ஒத்துக்கல, அது ரெண்டும் ஒண்ணா போகக்கூடாது. வெளிச்சுவர் ஓரமா தனியா பிவிசி பைப் அடிச்சு, வெயில் தாங்குற கறுப்பு கேட்6 கேபிள் 22 மீட்டர் இழுத்தோம். கடைல கேபிள் வாங்கும்போது முழு காப்பரான்னு கேட்டு வாங்குங்க, அலுமினியத்துக்கு மேல காப்பர் பூசுனதும் அதே மாதிரிதான் இருக்கும், விலை கம்மி, மடக்குனா சீக்கிரம் ஒடிஞ்சிடும். ரெண்டு முனைலயும் உள்ள இருக்கற எட்டு கம்பியையும் ஒரே வரிசைல பிளக்ல சொருகி க்ரிம்ப் பண்ணணும் (அழுத்திப் பிடிக்க வைக்கணும்): ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பிரவுன்-வெள்ளை, பிரவுன். முதல் தடவை ஒரு பிரவுன் கம்பி சரியா உள்ள போகல, நெட் வந்துச்சு ஆனா லிங்க் 1000-க்கு பதிலா 100-ல நின்னுச்சு, எட்டு கம்பியும் சேர்ந்தாத்தான் கிகாபிட். அண்ணே முகம் சுளிக்காம வெட்டிப் போட்டு மறுபடி அடிச்சுக் குடுத்தாரு.

இப்ப முன் பாக்ஸ்ல இருந்து வயர்ல பின் பாக்ஸ், அதோட இன்னொரு போர்ட்ல இருந்து ஒரு மீட்டர் வயர் நேரா டிவிக்கு. அப்பா டிவி பழசு, 2.4 வைஃபை மட்டும்தான் புடிக்கும், லேன் போர்ட்டும் 100தான், அவருக்கு அது தாராளம். கட்டில்ல உக்காந்து ஃபோன்ல பாத்தா 92. கதவு சாத்துனாலும் 92.

கரன்ட் விசயம் ஒண்ணு. இன்வர்ட்டர் இருந்தாலும், கரன்ட் போயி இன்வர்ட்டருக்கு மாறுற அந்தக் கண் சிமிட்டுற நேரத்துல எங்க வீட்ல பாக்ஸ் அணைஞ்சு திரும்ப எழுந்திரிக்கும், அதுக்குள்ள ஒரு ஓவரே போயிடும். டெகோ 12 வோல்ட்லதான் ஓடுது, அதனால மோடத்துக்கும் ரெண்டு பாக்ஸுக்கும் சின்ன ரவுட்டர் யுபிஎஸ் போட்டுட்டேன். பாக்ஸோட அடாப்டர்ல போட்டிருக்கற ஆம்பியர் பாத்து அதுக்கு ஏத்தத வாங்குங்க.

ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்ல இருக்கறவங்களுக்கு இது தேவைப்படாது, மோடத்த நடு ஹாலுக்கு, கொஞ்சம் உயரத்துக்கு மாத்திப் பாருங்க, முக்கால்வாசி பிரச்சனை அதுலயே தீந்துடும். புதுசா வாங்குறவங்க காசு இருந்தா அடுத்த ரகமான வைஃபை 6 உள்ள டெகோ எக்ஸ்20, எக்ஸ்50 பக்கம் போகலாம், ஆனா டிவிக்காக மட்டும்னா எம்4-ம் ஒரு நல்ல வயரும் போதும். அஞ்சுக்கு நாலரை குடுப்பேன்.

2025 ஃபைனல், பெங்களூரு ஆறு ரன்ல ஜெயிச்சது, அப்பா ஒரு பால் விடாம பாத்தாரு. கடைசி ஓவர்ல என்னைக் கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாரு, சென்னை அந்த வருசம் கடைசி இடம்ங்கற வருத்தம் கூட அப்ப அவர் முகத்துல இல்ல.