சந்தைப் பங்கு யாருக்கு? டிஸ்னி, யுனிவர்சல், ஏ24: மூன்று விநியோக வழிகள்

வட அமெரிக்காவில் ஒரு ஆண்டின் டிக்கெட் வசூலில் யார் படத்துக்கு எவ்வளவு விழுந்தது என்று கூட்டிப் பார்த்தால் அதுதான் விநியோகஸ்தரின் சந்தைப் பங்கு. கணக்கு எளிது, படிக்கும்போதுதான் சறுக்கும். டிக்கெட்டுக்குக் கொடுத்த 100 டாலரில் பாதியையோ அதற்குச் சற்றுக் கூடவோதான் விநியோகஸ்தர் பார்க்கிறார். மீதி தியேட்டருக்கு. விளம்பரச் செலவு இதில் சேராது. நாடு முழுக்க வெளியாகும் படத்துக்கு அதுவே பல கோடி டாலர். அதனால் வசூலில் முதலிடம் பிடித்தவர் லாபத்தில் மூன்றாவதாக நிற்பதும் நடக்கும்.

முதல் வாரத் திரைகளை விளம்பரமும் நட்சத்திரமும் வாங்கித் தந்துவிடும். இரண்டாம் வாரத்தில் கதை வேறு. திங்கட்கிழமை காலை ஒவ்வொரு தியேட்டர் குழுமத்திலும் புக்கிங் பார்ப்பவர் முந்தைய மூன்று நாள் வசூலைத் திரைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்து, எதைப் பெரிய அரங்கில் விடுவது, எதைச் சிறிய அரங்குக்குத் தள்ளுவது, எதை இரண்டு காட்சியாகக் குறைப்பது என்று முடிவு செய்கிறார். கீழே வரும் மூன்று வழிகளும் அந்தத் திங்கட்கிழமையைச் சமாளிக்கும் வழிகள்தான்.

படம் குறைவு, நிபந்தனை கறார்

டிஸ்னியின் வழி இது. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த பாத்திரங்களை வைத்துச் சில பெரிய படங்கள். அவை இல்லாமல் தியேட்டர் நடத்த முடியாது என்ற நிலையை உண்டாக்கிவிட்டு, அதற்கேற்ற விலை. 2017 டிசம்பரில் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு அந்த நிறுவனம் வைத்த நிபந்தனைகள் அப்போதே பத்திரிகைகளில் வந்தன. வசூலில் 65 சதவீதம் விநியோகஸ்தருக்கு. தியேட்டரின் மிகப் பெரிய அரங்கில் நான்கு வாரம் ஓட்ட வேண்டும். மீறினால் இன்னும் 5 சதவீதம்.

பல திரைகள் உள்ள வளாகத்துக்கு இது பெரிய சுமையில்லை. ஒரே திரை உள்ள சிற்றூர்த் தியேட்டருக்கு இது கழுத்தில் கல். ஊரில் பார்க்க வேண்டியவர்கள் இரண்டு வாரத்தில் பார்த்து முடித்திருப்பார்கள், அதற்குப் பிறகும் இரண்டு வாரம் காலி இருக்கைக்குப் படம் ஓடும். சிலர் வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். விநியோகஸ்தருக்கு அது பெரிய இழப்பும் இல்லை, ஏனென்றால் வசூலின் பெரும்பகுதி பெருநகர வளாகங்களில்தான் விழுகிறது.

இந்த வழியின் உச்சம் 2019. மார்ச் 20 அன்று 7,130 கோடி டாலருக்கு ஃபாக்ஸ் என்ற போட்டி நிறுவனத்தின் பெரும்பகுதி டிஸ்னி கைக்கு வந்தது. அதே ஆண்டில் டிஸ்னி பெயரில் வந்த ஏழு படங்கள் உலக அளவில் தலா 100 கோடி டாலரைத் தாண்டின. உள்நாட்டு (அதாவது வட அமெரிக்க) வசூலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே நிறுவனத்துக்கு. இதன் பலவீனம் 2023-ல் தெரிந்தது. அந்த நவம்பரில் வந்த மார்வெல் படம் உள்நாட்டில் முதல் வாரயிறுதியில் 4.6 கோடி டாலர் எடுத்து, மொத்தம் 8.5 கோடியிலேயே நின்றுவிட்டது. ஓப்பனிங்கில் இரண்டு மடங்குகூட இல்லை. பட்டியலில் படங்கள் குறைவாக இருக்கும்போது ஒன்று விழுந்தால் அந்த ஓட்டையை அடைக்க அடுத்த படம் வரப் பல வாரம் ஆகும்.

படம் நிறைய, ஜன்னல் குறுகல்

யுனிவர்சல் 2023-ல் 24 படங்களை வெளியிட்டு உலக வசூலில் சுமார் 490 கோடி டாலருடன் முதலிடம் பிடித்தது. 17 படங்கள் வெளியிட்ட டிஸ்னிக்குச் சுமார் 483 கோடி. பெரிய அனிமேஷன், மூன்று மணி நேர வரலாற்றுப் படம், 1.2 கோடி டாலரில் எடுத்த பொம்மைத் திகில் படம் எல்லாம் ஒரே பட்டியலில். ஆண்டு முழுக்க ஏதோ ஒரு படம் திரையில் இருப்பதால் தியேட்டரோடு பேச்சு அறுவதில்லை.

இந்த வழியின் இன்னொரு தூண், தியேட்டர் ஜன்னல். தியேட்டரில் மட்டும் படம் ஓடும் காலத்தைத்தான் தொழிலில் ஜன்னல் என்கிறார்கள். பெருந்தொற்றுக்கு முன் அது ஏறக்குறைய மூன்று மாதம். 2020 ஏப்ரலில் தியேட்டர்கள் மூடியிருந்தபோது யுனிவர்சல் ஒரு அனிமேஷன் படத்தை நேரே வீட்டுக்கு 19.99 டாலர் வாடகையில் விட்டது. கோபத்தில் ஏஎம்சி தியேட்டர் குழுமம் இனி உங்கள் படமே வேண்டாம் என்றது. ஜூலையில் அதே ஏஎம்சிதான் ஒப்பந்தம் போட்டது: 17 நாள், அதாவது மூன்று வாரயிறுதி, பிறகு வீட்டு வாடகைக்கு விடலாம், அதில் தியேட்டருக்கும் ஒரு பங்கு. நவம்பரில் சினிமார்க் என்ற இன்னொரு தியேட்டர் குழுமத்துடன் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு படி கூடுதல்: முதல் வாரயிறுதியில் 5 கோடி டாலர் எடுத்த படத்துக்கு 31 நாள்.

இது ஏன் விநியோகஸ்தருக்குக் கட்டுப்படியாகிறது? வீட்டு வாடகையில் சுமார் 80 சதவீதம் அவருக்கு வரும் என்பது பொதுவான கணக்கு. 19.99 டாலரில் 16 டாலர். 2019-ல் அமெரிக்காவின் சராசரி டிக்கெட் 9.16 டாலர். பாதிப் பங்கு என்று வைத்தால், இருவர் தியேட்டருக்குப் போனால் அவருக்கு 9 டாலர், நால்வர் போனால் 18. ஆக, இருவராகப் பார்ப்பவர்களுக்கான படத்துக்கு வீட்டு வாடகை லாபம். குடும்பத்தோடு வருபவர்களின் படத்தை அவசரப்பட்டு வீட்டுக்கு அனுப்பினால் நஷ்டம், அதிலும் குழந்தைகள் மறுபடி மறுபடி பார்க்கக் கூடிய படமென்றால் இன்னும் மோசம்.

ஜன்னலையே மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 அக்டோபர் கடைசியில் தியேட்டரிலும் பீகாக் என்ற ஸ்ட்ரீமிங் தளத்திலும் ஒரே நாளில் வந்த யுனிவர்சலின் திகில் படம் சாட்சி. முதல் வாரயிறுதி 8 கோடி டாலர், அடுத்த வாரம் 76 சதவீத வீழ்ச்சி, உள்நாட்டு மொத்தம் 13.7 கோடி. எதிர்ப்பக்கம் பாரமவுண்ட் ஸ்டுடியோ. 2022 மே மாதம் வந்த விமானப் படத்தை அது ஆகஸ்ட் 23 வரை வீட்டுக்கு விடவில்லை. மூன்று நாள் ஓப்பனிங் 12.67 கோடி, கடைசியில் உள்நாட்டில் 71.8 கோடி: ஐந்தரை மடங்குக்கு மேல். படத்தின் தரமும் காரணம்தான். ஆனால் வேறெங்கும் பார்க்க முடியாது என்பது தெரிந்தால் ஆறாம் வாரத்திலும் டிக்கெட் விற்கும்.

வார்னர் ஸ்டுடியோ 2021-ன் எல்லாப் படங்களையும் தியேட்டரோடு சேர்த்துத் தன் ஸ்ட்ரீமிங் தளமான எச்பிஓ மேக்ஸிலும் விடுவதாக 2020 டிசம்பரில் அறிவித்தது. அதன் விலை, இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன். அவர் அடுத்த படத்தை யுனிவர்சலுக்குக் கொண்டுபோனார். 2023 ஜூலை 21 அன்று வந்த அந்தப் படத்துக்கு ஐமேக்ஸ் திரைகள் மூன்று வாரம் ஒதுக்கப்பட்டன. ஒன்பது நாள் முன்னால் வந்த பாரமவுண்டின் பெரிய ஆக்‌ஷன் படம் அந்தத் திரைகளை விட்டுக்கொடுத்து இறங்க வேண்டியிருந்தது. டிக்கெட் விலை அதிகமுள்ள திரை அது. அங்கே காலியாகும் ஒரு இருக்கையைச் சாதாரண அரங்கில் ஈடுகட்ட முடியாது.

பத்துத் திரையில் தொடங்குவது

ஏ24 போன்ற சிறிய, சுதந்திரமான விநியோகஸ்தர்களின் வழி. 2022 மார்ச் 25 அன்று 10 தியேட்டரில் வெளியான அவர்களது பல்பிரபஞ்சப் படம் திரைக்குச் சுமார் 50,000 டாலர் வீதம் எடுத்தது. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தடுத்த வாரங்களில் நாடு முழுக்க விரித்தார்கள். உள்நாட்டில் மொத்தம் சுமார் 7.7 கோடி டாலர். 2002-ல் 108 தியேட்டரில் தொடங்கிய ஒரு கிரேக்கத் திருமணக் காமெடி ஒரு வாரம்கூட முதலிடத்தைப் பார்க்காமல் 24 கோடி டாலர் எடுத்தது.

வாய்வழிப் பேச்சை நம்பி இறங்குவதால் முதல் வார விளம்பரச் செலவு குறைவு. கவனம் வேண்டியது விரிக்கும் வேகத்தில். பத்திலிருந்து ஒரே தாவலில் 2,000 திரைக்குப் போனால் திரைக்கான சராசரி சரியும், திங்கட்கிழமை காலை புக்கிங் பார்ப்பவர் படத்தைத் தூக்கிவிடுவார். மெதுவாகப் போனால் முதல் நகரங்களில் எழுந்த பேச்சு மற்ற ஊர்களைச் சேர்வதற்குள் ஆறிப்போகும். இந்த வழியில் ஆண்டுப் பங்குப் பட்டியலில் மேலே வர முடியாது; போட்ட பணத்தை எடுக்க முடியும்.

தேதியும் சட்டமும்

மூன்று வழிக்கும் பொதுவான ஆயுதம், தேதியை முன்கூட்டிப் பிடித்து வைப்பது. வார்னர் தன் சூப்பர்ஹீரோப் படம் ஒன்றுக்கு 2016 மே 6 என்று குறித்திருந்தது. அதே நாளில் டிஸ்னியின் மார்வெல் படமும் நின்றது. விலகியது வார்னர்தான், மார்ச் 25-க்கு. ஒரே வகைப் பார்வையாளரைக் குறிவைக்கும் இரண்டு படங்கள் ஒரே வெள்ளியில் மோதினால் இரண்டுக்கும் அடி.

இந்தப் படம் வேண்டுமானால் அந்தப் படத்தையும் எடு என்று கட்டிக்கொடுப்பதை 1948-ன் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தடுத்தது. அதையொட்டிய நீதிமன்ற உத்தரவுகள் 2020 ஆகஸ்டில் ரத்தாயின. கட்டிக்கொடுக்கும் தடைக்கு மேலும் இரண்டு ஆண்டு அவகாசம். அந்த அவகாசமும் 2022-ல் முடிந்துவிட்டதால், பெரிய பட்டியல் உள்ளவருக்குத்தான் இதில் சாதகம்.

விநியோகஸ்தரே வேண்டாம் என்ற வழியும் உண்டு. 2023 அக்டோபரில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் கச்சேரிப் படம் ஏஎம்சி மூலம் நேரே தியேட்டருக்கு வந்தது. தியேட்டருக்கு 43 சதவீதம், மீதி 57 ஸ்விஃப்ட்டுக்கும் ஏஎம்சிக்கும்.

பங்குப் பட்டியலைப் பார்க்கும்போது இரண்டு இடத்தில் நின்று படிக்க வேண்டும். டிசம்பர் நடுவில் வரும் படத்தின் வசூல் இரண்டு ஆண்டுகளிலும் பிரிந்து விழும். வெளியான ஆண்டின் பேரில் மொத்தத்தையும் எழுதும் பட்டியல் ஒரு விடை சொல்லும், காலண்டர்படி எழுதும் பட்டியல் வேறொன்று சொல்லும். உலக வசூல் என்றால், சீனாவில் வசூல் பங்கு முறையில் நுழையும் படத்துக்கு விநியோகஸ்தர் கையில் வருவது 25 சதவீதம். அங்கே எடுத்த 10 கோடி டாலரும், உள்நாட்டில் பாதிப் பங்குக்கு எடுத்த 5 கோடியும் கல்லாவில் ஒன்றே.