குதிரைங்க வர்ற சீன்ல என் தம்பி கை தட்டிட்டான் – ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ (1915)

மூணு மணி நேரத்துக்கு மேல ஓடுற ஊமைப்படம், அதுவும் 1915ல வந்தது, தம்பி பாதியிலயே தூங்கிருவான்னு நெனச்சுதான் ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிட்டு முடிச்சுட்டு ரெண்டு பேரும் உக்காந்தோம். அவன் தூங்கல. கடைசி அரை மணி நேரம் சோபாவோட நுனிக்கே வந்துட்டான். ஒரு குடிசைக்குள்ள ஒரு குடும்பம் மாட்டிக்கிட்டு கதவ முட்டுக்குடுத்து புடிச்சிருக்கு, இன்னொரு வீட்ல ஒரு பொண்ண ஒருத்தன் அடைச்சு வச்சிருக்கான், தூரத்துல குதிரைப்படை புழுதி பறக்க வந்துட்டே இருக்கு. அந்தப் படை ஊருக்குள்ள பாய்ஞ்சதும் இவன் ‘ஆ வந்துட்டானுங்க’ன்னு கை தட்டிட்டான். ஒரு ரெண்டு செகண்ட் ஆகியிருக்கும், கை அப்படியே நின்னுச்சு, என் பக்கம் திரும்பி “அக்கா, நான் இப்போ யாருக்கு கை தட்டுனேன்?”னு கேட்டான்.

குதிரை மேல வந்தவங்க கு க்ளக்ஸ் க்ளான். வெள்ளை அங்கி போட்டு மூஞ்சிய மறைச்சுகிட்டு கருப்பின மக்கள கொன்ன அதே கூட்டம். இந்தப் படத்துல அவங்கதான் ஹீரோ.

கதைய சுருக்கமா சொல்லிடறேன். அமெரிக்காவோட வடக்குல ஸ்டோன்மேன் குடும்பம், தெக்குல கேமரன் குடும்பம், ரெண்டு வீட்டுப் பசங்களும் பிரெண்ட்ஸ், உள்நாட்டுப் போர் வந்ததும் எதிரெதிரா நிக்கிறாங்க. லிங்கன் சுட்டுக் கொல்லப்படுறதோட முதல் பாதி முடியுது. ரெண்டாவது பாதி போருக்கு அப்புறம் நடக்கறது, அடிமைத்தனம் ஒழிஞ்சு கருப்பின ஆம்பளைங்களுக்கு ஓட்டுரிமை வந்த காலம். அந்தக் காலத்தையே ஒரு பெரிய கெட்ட கனவு மாதிரி காட்டி, அதுலருந்து தெற்கு மாநிலத்த காப்பாத்த வந்தவங்க க்ளான்தான்னு படம் சொல்லுது. தாமஸ் டிக்சன்னு ஒருத்தர் 1905ல எழுதின ‘தி க்ளான்ஸ்மேன்’ நாவல்தான் மூலம். எடுத்தது டி.டபிள்யூ. கிரிஃபித், கென்டக்கில பொறந்தவர், அவங்க அப்பாவே தெற்குப் படையில கர்னலா சண்டை போட்டவர், அப்போ வீட்ல எந்தக் கதைய கேட்டு வளந்திருப்பார்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

இந்தப் படத்த பாத்தவங்க சொல்றத கேட்டா பெரும்பாலும் மூணு விதமா இருக்கும். சினிமா படிக்கற பசங்க ‘டெக்னிக்கலா மாஸ்டர்பீஸ், அரசியல ஒதுக்கி வச்சுட்டு பாருங்க’ன்னு அஞ்சு ஸ்டார் குடுப்பாங்க. இன்னொரு கூட்டம் ஒரு ஸ்டார் குடுத்துட்டு ‘இத பாக்கவே கூடாது’ன்னு முடிச்சுக்கும். மூணாவது ஆளுங்க ‘முதல் பாதி சூப்பர், ரெண்டாவது பாதி மட்டும்தான் பிரச்சனை’ன்னு நடுவுல ரெண்டரை ஸ்டார் போடுவாங்க. நானும் ரொம்ப நாள் அந்த முதல் கூட்டத்துல தான் இருந்தேன், காலேஜ்ல துண்டு துண்டா சீன் பாத்தவ, முழுசா பாத்ததே இல்ல. முழுசா உக்காந்து பாத்த பிறகு அந்த ‘ஒதுக்கி வச்சுட்டு’ங்கற வார்த்தை என் வாயில வரவே மாட்டேங்குது. எத ஒதுக்குறது, எங்க ஒதுக்குறது? தம்பி கைய தட்ட வச்சதே அந்த டெக்னிக் தான?

திறமை இல்லன்னு நான் சொல்லவே மாட்டேன். ஒரு சீன் சொல்றேன். போர் முடிஞ்சு பென் கேமரன் கந்தல் உடுப்போட வீட்டுக்கு வர்றான். குட்டித் தங்கச்சி ஃப்ளோரா அண்ணன் வர்றான்னு இருக்கற பழைய டிரஸ்ஸ போட்டுகிட்டு, அத அழகு பண்ண வேற ஒண்ணும் இல்லாததால வெறும் பஞ்ச எடுத்து விலை ஒசந்த ஃபர் மாதிரி ஒட்டி வச்சிருப்பா. ரெண்டு பேரும் வாசல்ல பாத்து சிரிக்கறாங்க, அவன் அந்தப் பஞ்ச தொட்டுப் பாக்கறான், அவ அவன் தொப்பில இருக்கற கிழிசல பாக்கறா, சிரிச்சுட்டே இருக்கற மூஞ்சி மெதுவா மாறுது, அப்புறம் கட்டிப்புடிச்சுக்கறாங்க. வாசப்படி ஏறினதும் கதவுக்கு உள்ளேருந்து அம்மாவோட கை மட்டும் வெளிய வந்து அவன் தோள சுத்தி உள்ள இழுத்துக்கும். அம்மா மூஞ்சிய கிரிஃபித் காட்டவே மாட்டார். நூறு வருசத்துக்கு மேல ஆகியும் எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. மே மார்ஷ் தான் ஃப்ளோரா, என்ன நடிப்பு!

இன்னொண்ணு, மலை மேல ஒரு அம்மா குழந்தைங்கள அணைச்சுகிட்டு அழறா. சுத்தி முழுக்க கருப்பு, ஒரு சின்ன வட்டத்துக்குள்ள அவங்க மட்டும் தெரியறாங்க, வட்டம் பெருசாக பெருசாக, கேமரா அப்படியே திரும்புது, கீழ பள்ளத்தாக்குல வரிசை வரிசையா ஒரு படையே போய்ட்டிருக்கு. எதனால அவ அழறா, யாரால அழறாங்கறது எல்லாம் ஒரே ஷாட்ல சொல்லியாச்சு. கேமராமேன் பில்லி பிட்ஸர். அட்லான்டா எரியற காட்சிக்கு ஃபிலிமுக்கே செவப்பு சாயம் ஏத்திருக்காங்க. லிங்கன் சீன்ல மணி 8:30, 10:13னு டைட்டில் கார்டு (நடுநடுவுல வர்ற எழுத்து) போட்டுப் போட்டு பதட்டத்த ஏத்துவாங்க, என்ன நடக்கப்போகுதுன்னு தெரிஞ்சும் நெஞ்சு அடிச்சுக்கும்.

ஆனா ‘க்ளோசப்ப கண்டுபுடிச்சவர், எடிட்டிங்க கண்டுபுடிச்சவர்’னு அடிச்சு விடறாங்க பாருங்க, அது தப்பு. க்ளோசப்பும் இன்டர்கட்டும் (வேற வேற இடத்துல ஒரே நேரத்துல நடக்கறத மாத்தி மாத்தி வெட்டிக் காட்டறது) இவருக்கு முன்னாடியே இருந்தது. இத்தாலில 1914ல வந்த ‘கபீரியா’லயே கேமரா நகர்ந்திருச்சு. 1913 கடைசில கிரிஃபித்தே பத்திரிகைல விளம்பரம் குடுத்து இதெல்லாம் நான்தான் கொண்டு வந்தேன்னு சொல்லிக்கிட்டார், அது அப்படியே பாடப்புத்தகம் வரைக்கும் போயிருச்சு. இவர் செஞ்சது, அது வரைக்கும் சின்னச் சின்ன படங்கள்ல செஞ்சு பழகினத எல்லாம் ஒரே கதைல 12 ரீலுக்கு இழுத்துப் புடிச்சு ஆள எழுந்திருக்க விடாம உக்கார வச்சது. அஞ்சு காசுக்கும் பத்து காசுக்கும் படம் காட்டுன காலத்துல நியூயார்க்ல இதுக்கு 2 டாலர் டிக்கெட், கூடவே முழு ஆர்கெஸ்ட்ரா. அதுவரைக்கும் சினிமா கொட்டகை பக்கமே வராத பணக்காரங்க, படிச்சவங்க எல்லாம் வந்து பாத்தாங்க. அதனாலதான் இந்த விஷம் அவ்ளோ தூரம் போச்சு.

ரெண்டாவது பாதிக்கு வர்றேன், இத எழுதறதுக்கே கஷ்டமா இருக்கு. முக்கியமான கருப்பினப் பாத்திரங்கள் எல்லாத்துலயும் வெள்ளைக்கார நடிகர்கள் மூஞ்சில கரி பூசிகிட்டு நடிச்சிருக்காங்க. நல்ல பிரிண்ட்ல பாத்தா கண்ணச் சுத்தி, உதட்டோரம் எங்க மை முடியுதுன்னு கோடு தெரியும். கூட்டத்துல நிக்கறவங்கள்ல நெஜமான கருப்பின மக்களும் இருக்காங்க, ஒரே ஃப்ரேம்ல அவங்களும் மை பூசினவனும் நிக்கிறப்போ பாக்கறதுக்கே கூசுது.

அதுல ஒரு சீன், தென் கரோலினா சட்டசபை. முதல்ல காலியான மண்டபம், பழைய போட்டோ மாதிரி அசையாம. டைட்டில் கார்டு இது 1870ல இருந்த சபையோட அசல் நகல்னு சொல்லும். அந்தக் காலி மண்டபம் அப்படியே கரைஞ்சு ஆளுங்க நெறஞ்ச மண்டபமா மாறும், அருமையான டிசால்வ். மாறினதும் என்ன காட்டறார் தெரியுமா? ஒரு உறுப்பினர் ஷூவ கழட்டிட்டு வெறுங்கால மேசை மேல தூக்கி வைக்கறார், ஒருத்தர் ஒளிச்சு ஒளிச்சு சாராயம் குடிக்கறார், இன்னொருத்தர் கறி கடிக்கறார், அப்புறம் எல்லாரும் அண்ணாந்து மாடில நிக்கற வெள்ளைக்காரப் பொம்பளைங்கள பாக்கறாங்க. ‘நகல்’னு சொல்லி முதல்ல உங்க நம்பிக்கைய வாங்கிட்டு அதுக்குள்ள பொய்ய ஊத்தறார். அதுவும் எப்படிப்பட்ட பொய்! அதே தென் கரோலினா சபைல அப்போ இருந்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ். அடிமையா பொறந்தவர், 1862ல சார்ல்ஸ்டன் துறைமுகத்துலருந்து ‘ப்ளான்டர்’ங்கற தெற்குப் படையோட கப்பலையே ஓட்டிகிட்டு, கேப்டன் தொப்பிய போட்டுகிட்டு காவல் கோட்டைங்கள தாண்டி, பொண்டாட்டி புள்ளைங்களோட தப்பிச்சவர். 1868ல அந்த மாநிலத்துக்கு புது அரசியல் சட்டம் எழுதினப்போ எல்லாப் புள்ளைங்களுக்கும் இலவசப் பள்ளிக்கூடம் வேணும்னு நின்னவர். இந்த மனுசன் கதைய விட்டுட்டு, இவர் உக்காந்த சபைய ஒரு ஷூ கழட்டற கூட்டமா காட்டிருக்காங்க. படம் வந்தது பிப்ரவரி 1915, ஸ்மால்ஸ் செத்தது அதே மாசம். இது தெரிஞ்சப்போ எனக்கு ரொம்ப நேரம் ஒண்ணும் ஓடல.

அப்புறம் கஸ்னு ஒரு பாத்திரம், கரி பூசின வால்டர் லாங். அவன் துரத்த, அந்தப் பஞ்சு ஒட்டின குட்டிப் பொண்ணு ஃப்ளோரா ஓடி ஓடி பாறை மேலருந்து குதிச்சு செத்துருவா. இங்கதான் முதல் பாதி சூப்பர்னு சொல்றவங்க யோசிக்கணும். வாசல்ல பஞ்சு ஒட்டி நின்ன அந்தப் புள்ளைய நம்ம வீட்டுப் புள்ளையா நேசிக்க வச்சாச்சு, இப்போ அவ சாவுக்கு பழிவாங்க நம்மளையும் குதிரை ஏத்தறார். முதல் பாதில அழுத ஒவ்வொரு சொட்டும் ரெண்டாவது பாதிக்கு போட்ட முதலீடு. கஸ்ஸ புடிச்சு ‘விசாரணை’ன்னு ஒண்ண நடத்தி கொன்னு பொணத்த வாசல்ல போட்டுட்டுப் போவாங்க, அத நியாயம்னு படம் சொல்லுது. அமெரிக்கால அந்த வருசங்கள்ல இப்படித்தான் கருப்பின ஆம்பளைங்கள பொய்ப்பழி போட்டு மரத்துல தொங்கவிட்டுட்டு இருந்தாங்க.

கிளைமாக்ஸ் இன்டர்கட்ட நான் மறுநாள் தனியா ஒக்காந்து திரும்ப ஓட்டிப் பாத்தேன், சத்தத்த அணைச்சுட்டு. குடிசை, குதிரை, பொண்ணு, குதிரை, குடிசை. போகப்போக ஷாட்டுங்க சின்னதாயிட்டே வருது. ஓடற குதிரைங்களுக்கு முன்னாடி கேமராவும் ஓடுது. உள்ள இருக்கற அப்பா, பொண்ணு எதிரி கைல சிக்கறதுக்கு முன்னாடி நானே அடிச்சுக் கொன்னுடறேன்னு கைய ஓங்கி நிக்கறார். இந்த வேகத்துல யோசிக்கற இடைவெளியே கெடையாது, உடம்பு தானா முடிவு பண்ணிருது. அதுக்கு நடுவுல ஒரு கார்டு வரும், வடக்கும் தெற்கும் பழைய பகைய மறந்து தங்களோட ‘ஆரியப் பிறப்புரிமை’ய காக்க ஒண்ணு சேந்தாங்கன்னு. முதல் நாள் பரபரப்புல அந்தக் கார்ட நாங்க ரெண்டு பேரும் சரியாவே படிக்கல. மறுநாள் நிறுத்திப் படிச்சப்போ கை ஜில்லுன்னு ஆயிருச்சு.

ஆனா எனக்கு இன்னும் கண்ணுல நிக்கறது அந்த பரபரப்பெல்லாம் முடிஞ்சு வர்ற ஒரு குட்டி ஷாட். அடுத்த தேர்தல் நாள். கருப்பின மக்கள் குடிசைலருந்து ஓட்டுப் போட வெளிய வர்றாங்க, எதிர்ல வெள்ளை அங்கில குதிரை மேல ஒரு வரிசை துப்பாக்கியோட நிக்குது, பாத்துட்டு பேசாம உள்ள போயிடறாங்க. அவ்ளோதான். இத சுபமான முடிவுன்னு வச்சிருக்கார். மொத்தப் படத்துலயும் நெஜம்னு சொல்லலாம்னா இந்த ஒரு ஷாட்டத்தான் சொல்வேன், நெஜமாவே அப்படித்தான் ஓட்டுரிமைய புடுங்கினாங்க.

‘அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்’னு சொல்றவங்களுக்கு ஒரே பதில்தான், அந்தக் காலத்துலயே ரோட்டுக்கு வந்து எதிர்த்தாங்க. கருப்பின மக்களோட உரிமைக்காக போராடற என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு ஊர் ஊரா தடை கேட்டுச்சு. பாஸ்டன்ல ட்ரெமான்ட் தியேட்டர் வாசல்ல, ஏப்ரல் 1915ல, வில்லியம் மன்ரோ ட்ராட்டர்ங்கற பத்திரிகை ஆசிரியர் கைதானார். இன்னொரு பக்கம் ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கு வெள்ளை மாளிகைலயே போட்டுக் காட்டினாங்க. அவர் பாராட்டினதா சுத்தற ஒரு வாக்கியத்துக்கு நல்ல ஆதாரம் கெடையாது, ஆனா அவர் எழுதின வரலாற்றுப் புத்தகத்துலருந்து எடுத்த வரிங்க படத்தோட கார்டுலயே இருக்கு, அது போதும். அந்த வருசக் கடைசில ஜார்ஜியால ஸ்டோன் மவுன்டன் மேல ஏறி வில்லியம் சிம்மன்ஸ்ங்கறவர் செத்துப்போன க்ளான திரும்ப ஆரம்பிச்சார், அட்லான்டால படம் ரிலீஸ் ஆனப்போ பேப்பர்ல பட விளம்பரத்தோட சேத்து க்ளான் விளம்பரமும் வந்துச்சு. சிலுவைய எரிக்கற வழக்கமே பழைய க்ளானுக்கு கெடையாது, டிக்சன் நாவல்ல கற்பனையா எழுதினது, படத்துக்கு அப்புறம் வந்த க்ளான் அத உண்மையாவே செய்ய ஆரம்பிச்சிருச்சு. அடுத்த வருசம் வந்த ‘இன்டாலரன்ஸ்’ (சகிப்பின்மைன்னு அர்த்தம்) படம் கிரிஃபித் கேட்ட மன்னிப்புன்னும் நெறைய பேர் எழுதறாங்க, அப்படி இல்லவே இல்ல, அவர் தன்னை எதிர்த்தவங்களத்தான் சகிப்புத்தன்மை இல்லாதவங்கன்னு நெனச்சார்.

பாக்கலாமா வேணாமான்னா, சினிமா எடுக்கணும்னு நெனைக்கறவங்க, படம் எடிட் பண்றவங்க கண்டிப்பா பாருங்க, முழுசா, ஒரே மூச்சுல. சின்னப் பசங்களுக்கு தனியா போட்டுக் குடுக்காதீங்க. காப்புரிமை முடிஞ்ச படம், இலவசமாவே கெடைக்கும், ஆனா மங்கலான பிரிண்டுங்கதான் ஜாஸ்தி, சாயம் ஏத்தினது தெரியற மாதிரி சீரமைச்ச பிரிண்ட தேடிப் பாருங்க, அப்போதான் மேல சொன்ன மை கோடும் தெரியும். ஸ்டார் குடுக்க எனக்கு மனசு வரல.

கூடவே அதே வாரம் ஆஸ்கர் மிஷோ 1920ல எடுத்த ‘விதின் அவர் கேட்ஸ்’ பாருங்க. கருப்பின இயக்குநர், சின்ன பட்ஜெட், ஒண்ணே கால் மணி நேரம்தான், ரொம்ப காலம் தொலைஞ்சு போயிருந்து ஸ்பெயின்ல ஒரு பிரிண்ட் கெடைச்சது. அதுலயும் கடைசில அதே இன்டர்கட் தான் வருது. ஒரு பக்கம் ஒரு கருப்பினக் குடும்பத்த வெள்ளைக்காரக் கூட்டம் தூக்குல போட இழுத்துட்டுப் போகுது, இன்னொரு பக்கம் அந்த வீட்டுப் பொண்ணு சில்வியாவ ஒரு வெள்ளைக்காரன் அறைக்குள்ள துரத்தறான். இங்க காப்பாத்த குதிரைப்படை எதுவும் வராது. தம்பிக்கு அதையும் அடுத்த ஞாயித்துக்கிழமை போட்டுக் காட்டினேன். முடிஞ்சதும் ரிமோட்ட கைல வச்சுகிட்டே இருந்தவன், “அக்கா, அந்த துரத்தற சீன மட்டும் இன்னொரு தடவ போடவா, எங்க எங்க வெட்டிருக்காங்கன்னு எண்ணிப் பாக்கணும்”னான். நோட்டு எடுத்துட்டு வந்து உக்காந்து எண்ணினோம்.