தோவாளைப் பூச்சந்தை: வாங்கி வெளியூருக்கு அனுப்புவோருக்கு

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைக்குப் பெயர் வாங்கித் தந்தது பூ. அந்தப் பெயரைக் காப்பாற்றுவது கட்டி அனுப்புகிற கை. பிச்சியும் அரளியும் சுற்றுவட்டாரத்துச் சரக்கு. ரோஜா ஓசூர், பெங்களூர் பக்கத்திலிருந்தும், வேறு பல பூக்கள் மதுரை, திண்டுக்கல்லிலிருந்தும் வந்து, இங்கே பிரிந்து கேரளத்துக்கும், திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாக வெளிநாட்டுக்கும் போகின்றன. பறிக்கும் பெண்கள், தொடுப்பவர்கள், ஓலைப்பெட்டி முடைபவர்கள், சுமட்டுக்காரர்கள், வேன் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் அன்றாடக் கூலி இந்த ஓட்டத்தில்தான்.

அதிகாலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் மிச்சச் சரக்குதான். பிச்சி மொட்டு கெட்டியாக இருக்கவேண்டும். நுனி நெகிழ்ந்தது வழியிலேயே விரிந்துவிடும். தண்ணீர் சொட்டுகிற பூவை எடைபோட விடாதீர்கள். தண்ணீருக்கும் காசு, பிறகு அழுகலுக்கும் காசு.

கட்டும் வேலைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம், நின்று பார்த்து வாங்கினால். திருவனந்தபுரம் ஏறத்தாழ 80 கி.மீ.; அந்தத் தூரத்துக்கு ஈரச்சாக்கு சுற்றிய ஓலைக்கூடை போதும். அதற்கு மேல் என்றால் தெர்மாகோல் பெட்டி. ஐஸைப் பாலித்தீன் பையில் கட்டி, செய்தித்தாள் சுற்றி, அடியிலும் ஓரத்திலும் வைக்கச் சொல்லுங்கள். ஐஸ் நேரே பட்ட மொட்டு கண்ணாடி மாதிரி ஆகி, பிறகு பழுத்துப்போகும். கிலோவுக்கு ஆசைப்பட்டுத் திணிப்பதுதான் பெரிய தப்பு. பறித்த பிறகும் பூ மூச்சுவிடும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் கூடையின் நடுவில் கைவிட்டாலே வெக்கை தெரியும். மேலே வெள்ளை, உள்ளே பழுப்பு என்று வந்து சேர்வதற்குக் காரணம் இதுதான்.

மாணிக்கமாலை வாங்குவோர் மடிக்காமல் தட்டையாக வைக்கக் கேளுங்கள். அரளியும் நொச்சி இலையும் சேர்த்துக் கட்டும் இந்த மாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மடிப்பில் நசுங்கினால் அந்த வரிசையழகே போச்சு.

மதிப்பெண் குறைவது சாலைக்கு. தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று ஒவ்வொரு இடமும் நேரம் தின்னும். போதாக்குறைக்கு கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள் வேறு. மார்த்தாண்டம் மேம்பாலம் வந்தும் முழுசாகத் தீரவில்லை. நேரத்துக்குப் பூ வேண்டுமென்றால் இந்தத் தாமதத்தையும் கணக்கில் சேர்த்தே வண்டி பிடியுங்கள். பேருந்தில் போடுவதானால் எஞ்சின் சூடு படாத பக்கம் கேட்டு வையுங்கள். அனுப்புபவர், வாங்குபவர் இருவர் செல்போன் எண்ணும் பெட்டியின் மேலும் பக்கவாட்டிலும் இருக்கட்டும். ஈரத்தில் ஒரு எழுத்து அழிந்தாலும் இன்னொன்று மிஞ்சும்.

ஓணச் சமயத்தில் விடிய விடிய விற்பனை நடக்கும். கேந்தியும் (செண்டுமல்லி) வாடாமல்லியும் குவிந்து கிடக்கும், ஆனால் வண்டி கிடைக்காது. ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்த நாளுக்கு முன்பே வேனுக்கு முன்பணம் கொடுத்துவிடுங்கள்.

பெட்டி வந்ததும் உடனே பிரித்து, நிழலில் ஈரத்துணி மேல் பரப்பிவிடச் சொல்லுங்கள். வாடியதுபோல் தெரிந்தாலும் பூ மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.