காப்பகமா, கண்ணகி நகரா, கையில் ஒரு சாவியா?

சென்னையில் வால்டாக்ஸ் சாலை, பாரிமுனைப் பக்கம் நடைபாதையிலேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. இவர்களுக்கு என்ன வழி என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில் வரும்: இரவுக் காப்பகம், இல்லாவிட்டால் குடிசைவாசிகளுக்கென்று அரசு வாரியம் ஊருக்கு வெளியே கட்டிய வீடு. பின்லாந்து மூன்றாவதாக ஒன்றைச் செய்து காட்டியிருக்கிறது. மூன்றிடமும் நான் கேட்பது இரண்டே கேள்விதான். உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள்ள முடியுமா? காலையில் பிழைப்புக்குப் போய்ச் சேர முடியுமா?

காப்பகத்துக்கு அடித்தளம் போட்டது உச்ச நீதிமன்றம். பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும், ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உத்தரவிட்டது. பின்னால் வந்த மத்திய அரசுத் திட்டம், ஒரு காப்பகத்தில் குறைந்தது 100 பேர், ஆளுக்கு 50 சதுர அடி என்று கணக்குச் சொன்னது. சென்னை மாநகராட்சிக் காப்பகங்களில் உண்மையில் பொருந்தி வருபவை அரசு மருத்துவமனைகளை ஒட்டியவை. வெளியூரிலிருந்து நோயாளியோடு வந்தவருக்குச் சில வாரம் படுக்க இடம் போதும், அது கிடைக்கிறது. குடும்பம் என்றால் கதை வேறு. பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. அடுப்பு, பாத்திரம், மீன்பாடி வண்டி இதையெல்லாம் எங்கே வைப்பது? பிழைப்பு பக்கத்தில்தான், ஆனால் பூட்டு கிடையாது. நடைபாதையில் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் குடும்பத்தைப் பிரித்துப் படுக்க வைப்பதைத் தீர்வு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வாரிய வீடு இதற்கு நேர் எதிர். பூட்டு உண்டு, பிழைப்புதான் எட்டாத தூரத்தில். 2000 வாக்கில் தொடங்கிய கண்ணகி நகர், அப்புறம் எட்டு மாடிகளாக எழுந்த பெரும்பாக்கம், இரண்டுமே பாரிமுனையிலிருந்து 20 கிலோமீட்டர், அதற்கும் மேல். தீவுத்திடல் பக்கத்துச் சத்தியவாணிமுத்து நகர்க் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பத் தொடங்கியது 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவில். வீட்டு வேலைக்குப் போகும் பெண் மூன்று வீட்டில் வேலை முடித்து மதியம் திரும்பிக்கொண்டிருந்தவர். அங்கே போனபின் அரை நாள் பேருந்திலேயே போகும். 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரிய உதவிதான், காசு மிச்சம். நேரம் மிச்சமில்லை. அதனால்தான் சிலர் கொடுத்த வீட்டைப் பூட்டிவிட்டோ வாடகைக்கு விட்டோ பழைய இடத்துக்கே வந்துவிடுகிறார்கள். உடனே “வீடு கொடுத்தாலும் இவங்க திருந்த மாட்டாங்க” என்பார்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) பேருந்துக்கு நின்று பார்க்காதவர்கள்.

சரி, பின்லாந்து. அங்கே 2008-இல் முறையையே தலைகீழாக்கினார்கள். முன்பெல்லாம் குடியை விடு, வேலை தேடு, கடைசியில் வீடு என்று படிப்படியாக ஏற வேண்டும். இப்போது முதலில் வீடு, சொந்தப் பெயரில் வாடகை ஒப்பந்தம். குடியோ மனநோயோ கடனோ, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. உதவிக்குச் சமூகப் பணியாளர் வருவார், ஆனால் சாவி குடியிருப்பவர் கையில். ஹெல்சிங்கியில் பழைய காப்பகக் கட்டடங்களையே சிறு வீடுகளாக மாற்றினார்கள். 1980-களின் கடைசியில் 15,000-க்கும் மேல் இருந்த வீடற்றோர் எண்ணிக்கை 4,000-க்கும் கீழே வந்தது. 2024-இல் அது மறுபடி கொஞ்சம் ஏறியது. வீட்டு வாடகை உதவித்தொகையை அரசு வெட்டிய காலம் அது. சாவியோடு மாத வாடகைக்கும் கை கொடுத்தால்தான் இந்த ஏற்பாடு நிற்கும்.

பின்லாந்து பணக்கார நாடு, நாடு முழுக்கச் சேர்த்தாலே 56 லட்சம் பேர்தான், சென்னைக்கும் குறைவு. ஹெல்சிங்கியில் நிலத்தின் பெரும்பகுதி நகராட்சிக்கே சொந்தம். அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனாலும் என் ஓட்டு அதற்கே, சென்னை அளவுக்கு வெட்டித் தைத்து: பெரும்பாக்கத்தில் இன்னொரு எட்டு மாடிக்குப் பதில், ஜார்ஜ் டவுன், ராயபுரம் பக்கம் அரசு நிலத்தில் சின்னச் சின்ன வாடகைக் குடியிருப்புகள், ஒப்பந்தம் வீட்டுப் பெண் பெயரில். நிலம் விலை கூடுதல் என்பது உண்மை. வேலையும் பள்ளியும் அறுந்துபோவதன் விலையை மட்டும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இதைவிட மலிவான வேலை, ஆள் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது. சென்னையில் அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்பது பழைய வழக்கம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாதம்தான் என்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுவும் செல்லும். அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். தினக்கூலிக் குடும்பத்துக்கு அட்வான்ஸ் தொகையை வட்டியில்லாக் கடனாகக் கொடுக்க மாநகராட்சி ஒரு நிதி வைக்கலாம். அப்புறம், பக்கத்தில் மாற்று வீடு தயாராகும்வரை குடிசைகளை இடிக்காமல் இருக்கலாம். அதற்குத் தனியாகப் பணம்கூட ஒதுக்க வேண்டியதில்லை.