செம்பூர், மாட்டுங்கா பக்கம் ‘உயிருள்ள ஈஸ்ட்’ டப்பா விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா, சயான் கோலிவாடா பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ‘குடல் ஆலோசகர்’ என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கோயில் வாசலில் நோட்டீஸ் கொடுக்கிறார். நல்ல தமிழ் பேசுகிறார், வயசானவர்களை வாய் நிறைய ‘அப்பா’, ‘அம்மா’ என்று கூப்பிடுகிறார். இந்தி சரளமாக வராத பெரியவர்கள் அந்தத் தமிழை நம்பித்தான் உட்கார்ந்து கேட்கிறார்கள். என் அப்பாவும் அப்படித்தான் 4,800 ரூபாய் கொடுத்து மூன்று மாத ‘ப்ரோபயாடிக் ஈஸ்ட் கோர்ஸ்’ வாங்கினார். ப்ரோபயாடிக் என்றால் குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்.

அப்பாவுக்குப் பல் பிடுங்கிய பிறகு ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். அது வயிற்றைக் கெடுத்து, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பலருக்கும் வருவதுதான். இதற்கு ஈஸ்ட் கொடுப்பதும் பொய் வைத்தியம் கிடையாது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற ஈஸ்டை 1920-களில் ஹென்றி பௌலார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இந்தோசீனாவில் (இன்றைய வியட்நாம் பக்கம்) லிச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து பிரித்தெடுத்தார். காலரா சமயத்தில் அங்கே ஜனங்கள் அந்தப் பழத்தோலைக் காய்ச்சிக் குடித்ததைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனையே வந்தது என்பார்கள். ஈஸ்ட் பூஞ்சை இனம். அதனால் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது, இரண்டையும் ஒரே சமயத்தில் சாப்பிடலாம். டாக்டர்கள் அதற்காகவே எழுதித் தருகிறார்கள். 250 மில்லிகிராம் கேப்ஸ்யூலாகவோ பொடிப் பாக்கெட்டாகவோ மெடிக்கல் ஸ்டோரில் கிடைக்கிறது.

அந்த ஆள் சொன்னது வேறு. ஆன்டிபயாடிக்கை உடனே நிறுத்தச் சொன்னார். ஓஆர்எஸ் (போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) வெறும் சர்க்கரைத் தண்ணி, உங்களுக்கு சுகர் இருக்கிறதே, வேண்டாம் என்றார். ஈஸ்ட் ஒரு முறை குடலில் குடியேறிவிட்டால் ஆயுசுக்கும் இருக்கும் என்றார். மூன்றும் தப்பு. இந்த ஈஸ்ட் குடலில் தங்குவதே இல்லை, நிறுத்திய சில நாட்களில் வெளியேறிவிடும். மூன்று மாத கோர்ஸ் என்பதே வியாபாரம்தான்.

ஓஆர்எஸ் விஷயத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. போக்கில் ஆளைச் சாய்ப்பது தண்ணீரும் உப்பும் இழப்பதுதான். அந்தக் கரைசலில் குளுக்கோஸ் இருப்பதே, குடல் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்வதற்காக. சுகர் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டு அளவாகக் குடிக்கலாம், அடியோடு நிறுத்தக் கூடாது. நான் போய்ப் பார்த்தபோது அப்பாவின் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். அன்று ராத்திரியே கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாகிவிட்டது.

பிறகுதான் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முன்னால் பளபளவென்று ‘உயிருள்ளது’ என்று ஸ்டிக்கர். பக்கவாட்டில் பொடி எழுத்து, ஃபோன் கேமராவில் பெரிசாக்கித்தான் படிக்க முடிந்தது: செயலிழக்கச் செய்யப்பட்ட உலர் ஈஸ்ட். அதாவது செத்த ஈஸ்ட், சாப்பாட்டில் தூவுகிறார்களே அந்த வகை. செத்த உறையை ஊற்றினால் பால் தயிராகுமா? எந்த ரக ஈஸ்ட், ஒரு வேளைக்கு எத்தனை கோடி உயிரணு என்று எங்கேயும் போடவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் லைசன்ஸ் எண் 14 இலக்கம் இருக்க வேண்டும், இதில் 12 தான் இருந்தது. எண்ணிப் பாருங்கள், உங்கள் வீட்டு டப்பாவிலும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அதே ஆள் என் அத்தைக்கும் ஒரு டப்பா தள்ளிவிட்டிருக்கிறார். அத்தை கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறார், கையில் பிக் லைன் (கை வழியாகப் பெரிய ரத்தக்குழாய் வரை போகும் மருந்துக் குழாய்) இருக்கிறது. வேறு என்ன நோய், என்ன மருந்து என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘எல்லாரும் சாப்பிடலாம்’ என்றாராம். எல்லாரும் சாப்பிடக் கூடாது. எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கும், பெரிய ரத்தக்குழாயில் லைன் போட்டவர்களுக்கும், ஐசியூவில் இருப்பவர்களுக்கும் உயிருள்ள ஈஸ்ட் ரத்தத்தில் கலந்து தொற்றாகிவிடலாம், உயிரும் போயிருக்கிறது. அதனால்தான் 2017-இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொன்னது. பொடி காற்றில் பறந்தும் கையில் ஒட்டியும் லைனுக்குள் போகும் என்பதால், அவர்கள் பக்கத்தில் கேப்ஸ்யூலைத் திறக்கவே கூடாது. அத்தையின் டாக்டர் டப்பாவைப் பார்த்ததும் கோபமாகவே பேசினார். டப்பாவில் இருந்தது உயிருள்ள ஈஸ்டாக இருந்தால் அத்தைக்கு ஆபத்து, செத்த ஈஸ்டாக இருந்ததால் அப்பாவுக்குப் பலனில்லை. விற்ற ஆளுக்கு இரண்டு பேரைப் பற்றியும் கவலை கிடையாது.

ஃப்ளூகோனசோல் மாதிரி பூஞ்சைத் தொற்றுக்கான மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கவனியுங்கள், அது இந்த ஈஸ்டின் பலனைக் குறைத்துவிடும். போக்கோடு காய்ச்சலோ, மலத்தில் ரத்தமோ வந்தால் எந்தப் பொடியும் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ‘விஷம் வெளியே போகும்போது அப்படித்தான் இருக்கும், கோர்ஸை முடியுங்கள்’ என்று பதில் வந்தது. இப்போது ஃபோனே எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், மகாராஷ்டிர எஃப்டிஏ-வுக்கும் (மாநில உணவு, மருந்து நிர்வாகம்) டப்பாவின் படங்களோடு எழுதியிருக்கிறேன். அவரிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள் டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். லேபிளைப் படம் எடுத்து, பணம் அனுப்பிய யுபிஐ ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, நீங்களும் 1915-க்குக் கூப்பிடுங்கள்.